சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு எழுதவும் வரும்

எழுதறதுக்கு தன்னம்பிக்கை எப்படி வரும்னு கேக்கறவங்க நிறைய பேரைப் பாக்கறேன், எனக்கு என்னமோ அது முதல்ல எங்க தொலைஞ்சு போச்சுன்னு பாக்கறதுதான் சரியா இருக்கும்னு தோணுது. ஏன்னா பேசறப்ப யாருக்கும் அந்தப் பிரச்சனை இல்ல. பள்ளிப்பாளையத்துல எங்க தெருவுல சாயங்காலம் திண்ணைல உக்காந்தா ஒரு மணி நேரம் மூச்சு விடாம ஒரு கல்யாணச் சண்டையைச் சொல்லுவாங்க, யாரு எந்த எடத்துல குரலை ஒசத்துனா, மாப்பிள்ளையோட பெரியப்பன் எப்ப துண்டை உதறிட்டு எந்திரிச்சாரு, பந்தியில எது பத்தாமப் போச்சு, எல்லாம் வரிசையா, எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தி. கேக்கறவங்க காபி ஆறுறது தெரியாம உக்காந்துருப்பாங்க. அதே ஆளுகிட்ட ஒரு நோட்டைக் குடுத்து இதை எழுதுங்கன்னு சொன்னா கை நின்னுரும்.

எங்க கிளை நூலகத்துல வாசகர் வட்டம் நடக்குது, அதுல கடைசி ஒரு மணி நேரம் யார் வேணாலும் தான் எழுதுனதைப் படிக்கலாம்னு வச்சிருக்கோம். தறி ஓட்டறவங்க வருவாங்க, காலேஜ் பொண்ணுங்க வருவாங்க, மருந்துக்கடையில வேலை பாக்கற தம்பி ஒருத்தர், ரிட்டையர்டு ஆன தமிழ் வாத்தியார் ஒருத்தர். எல்லாரும் படிக்கறதுக்கு முன்னாடி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறாங்க. "சும்மா எழுதிப் பாத்தேன்ங்க", "தமிழ் எனக்கு அவ்வளவா வராது", "தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க". காலம் பூரா தமிழ் சொல்லிக் குடுத்த அந்த வாத்தியாரும் இதைச் சொல்லிட்டுதான் ஆரம்பிச்சாரு, அன்னிக்குதான் எனக்கு உறைச்சுது, இது திறமை இருக்கா இல்லையாங்கற விஷயமே இல்லன்னு.

நான் நினைக்கறது இதுதான். நம்ம பேசற தமிழுக்கும் எழுதற தமிழுக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா பள்ளிக்கூடத்துல அந்த தூரத்தை நமக்கு எப்படி அறிமுகப்படுத்துனாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கட்டுரைன்னா முன்னுரை, நடுவுல துணைத்தலைப்பு போட்டு பொருளுரை, ஒரு திருக்குறள் மேற்கோள், முடிவுரை. அதுல நம்ம வீடு இருக்காது, நம்ம அம்மாயி பேசற ஒரு வார்த்தை இருக்காது, தப்பித்தவறி எழுதிட்டா சிவப்பு மையில சுழிச்சு விடுவாங்க. பத்துப் பன்னெண்டு வருசம் அப்படியே போகுது. முடிச்சு வெளிய வர்றப்ப நாம கத்துக்கிட்டது கட்டுரை எழுதறது மட்டும் இல்ல, நம்ம வாயில வர்ற பேச்சு எழுதத் தகுதி இல்லாததுங்கறதையும் சேத்துதான். அதுக்கப்பறம் யாரு எழுத உக்காந்தாலும் முதல் வரியில கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டறாரு.

எங்க வட்டத்துக்கு ஒரு அக்கா வந்தாங்க, பல வருசமா விசைத்தறி ஓட்டறவங்க. ஒரு நாள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வந்து படிச்சாங்க, தறிப்பட்டறையில ராத்திரி ஷிப்ட்டைப் பத்தி. "நள்ளிரவின் நிசப்தத்தில்"னு ஆரம்பிச்சுது. விசைத்தறி ஓடற தெருவுல ராத்திரி எங்க இருந்து நிசப்தம் வந்துச்சு? இது அவங்களை விட யாருக்கு நல்லாத் தெரியும், ஆனா எழுதறப்ப அப்படித்தான் எழுதணும்னு எங்கயோ பதிஞ்சு போயிருக்கு. படிச்சு முடிச்சதும் நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டு, "இதைப் போயி யாரு கண்ணு படிப்பா"ன்னாங்க.

நான் சொன்னேன், அக்கா நோட்டை விடுங்க, ராத்திரி கரண்ட் போனா என்ன ஆகும், அதை மட்டும் சொல்லுங்கன்னு. சொன்னாங்க பாருங்க. தெரு பூரா தறி சத்தம் ஒரே நேரத்துல நின்னுரும், நின்ன ஒடனே பட்டறைக்குள்ள தொட்டில்ல தூங்கிட்டு இருந்த கொழந்தை எந்திரிச்சு அழும், ஏன்னா அது பொறந்ததுல இருந்து அந்த சத்தத்துலதான் தூங்குது, சத்தம் நின்னாத்தான் அதுக்கு பயம். அப்பறம் இருட்டுல பக்கத்துப் பட்டறையில இருந்து ஒரு பாட்டி இருமறது கேக்கும், அது தினமும் இருமிட்டுதான் இருக்கும், ஆனா கரண்ட் போனாத்தான் நமக்குக் கேக்கும். கரண்ட் வந்தா அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட்டுட்டு மறுபடி தறியை ஓட விடணும், எவ்வளவு நேரம் நின்னுச்சோ அவ்வளவு மீட்டர் கூலி போச்சு. இதைச் சொல்றப்ப அந்த ரூம்ல ஒருத்தரும் ஃபோனைப் பாக்கல. மருந்துக்கடைத் தம்பி மெதுவா தன்னோட ஃபோன்ல ரெக்கார்டிங் போட்டு விட்டுட்டாரு, அக்காவுக்குத் தெரிஞ்சுதான், அவங்க கையைக் காட்டி சரின்னாங்க.

அதைக் கேட்டு அப்படியே எழுதி அடுத்த தடவை அவங்க கையிலயே குடுத்தோம். அவங்க படிச்சுப் பாத்துட்டு முதல்ல சொன்னது, "இது நான் பேசுனதாச்சே"ன்னு. ஆமாக்கா, நீங்க பேசுனதுதான், அதனாலதான் நல்லா இருக்கு. ரெண்டு எடத்துல சொன்னதையே சொல்லிருக்காங்க, அதை அவங்களே அடிச்சாங்க. பாட்டி இருமறதைக் கடைசிக்குத் தள்ளுனாங்க, அதுவும் அவங்களாத்தான், யாரும் சொல்லல. எழுத்தாளர் பண்ற வேலையே அதுதான, எது முன்னாடி வரணும் எது பின்னாடி வரணும்னு முடிவு பண்றது. அந்த முடிவு எடுக்கறப்ப அவங்க முகத்துல எந்தத் தயக்கமும் இல்ல.

இப்படி வாயால சொல்லி எழுத்துக்கு வர்றது ஏதோ குறுக்கு வழின்னு நினைச்சுக்க வேண்டாம். வை.மு.கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கோங்க. 1901-ல பொறந்தவங்க, சின்னக் கொழந்தையாவே கல்யாணம் ஆயிருச்சு, பள்ளிக்கூடம் போகல. சரளமா எழுத வராத நிலையில அவங்க தன் முதல் நாடகத்தை வாயால சொல்லச் சொல்ல தோழி பட்டம்மாள்தான் எழுதுனாங்க, இந்திர மோகனாங்கற அந்த நாடகம் 1924-ல புத்தகமா வந்துச்சு. அடுத்த வருசமே ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க. 115 நாவல். எனக்கு இதுல பெருசாப் படறது அந்த 115 இல்ல, எழுதத் தெரியலைங்கறதை கதை இல்லைங்கறதோட அவங்க போட்டுக் குழப்பிக்கல பாருங்க, அதுதான். கதை எங்கிட்ட இருக்கு, எழுத ஒரு கை வேணும், தோழி இருக்கா, உக்காரு எழுதுன்னு ஆரம்பிச்சாச்சு. எழுத்துப் பழக்கம் பின்னாடி வந்து சேந்துக்கிச்சு.

தோப்பில் முஹம்மது மீரான் இன்னொரு விதம். குமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமத்துக்காரர், படிச்சது மலையாளத்துல. வீட்டுல பேசறது தமிழ், எழுதத் தெரிஞ்சது மலையாள எழுத்து. அதனால தமிழ் வாக்கியத்தை மலையாள லிபியில எழுதி, அதை இன்னொருத்தர் தமிழ் எழுத்துக்கு மாத்தி, அப்படி வந்த நாவலுங்கதான் அவரோடது. முதல் நாவல் 1988-ல புத்தகமாச்சு, 1997-ல சாகித்ய அகாதமி விருது. மிளகாய் வத்தல் வியாபாரம் பாத்துக்கிட்டே எழுதுன மனுஷன். எனக்கு ல, ள, ழ தகராறு, அதனால எழுத மாட்டேன்னு யாராவது சொன்னா நான் இவரைத்தான் சொல்லுவேன்.

வட்டாரப் பேச்சு அச்சுல ஏறாதுங்கற பயம் இருக்கே, அது எங்க கொங்குப் பக்கத்து ஆளுங்களுக்கு ரொம்பவே இருக்கு. "ஏனுங்க", "போலாமுங்க"ன்னு எழுதுனா சினிமாவுல கேலி பண்ற மாதிரி ஆயிருமோன்னு நினைக்கறாங்க. ஆனா ஆர்.சண்முகசுந்தரம் நாகம்மாள் நாவலை 1942-லயே கொண்டு வந்துட்டாரு, தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர், அப்ப அவருக்கு வயசு இருபத்தஞ்சு சுமார். கொங்குக் கிராமத்து மனுஷங்க அவங்க பேசற மாதிரியே அதுல பேசறாங்க. அப்படின்னா எங்க பேச்சு அச்சுல ஏறி எண்பது வருசத்துக்கு மேல ஆச்சு. பாமா அக்காவோட கருக்கு 1992-ல வந்தப்ப, உரையாடலை மட்டும் இல்லாம கதை சொல்றதையும் சேத்து முழுசா அவங்க சேரிப் பேச்சுலயே எழுதிருந்தாங்க, இன்னிக்கு அது எத்தனையோ எடத்துல பாடமா இருக்கு. கி.ரா.ங்கற கி.ராஜநாராயணன் ஏழாவது வரைக்கும்தான் படிச்சவரு, கரிசல் காட்டுச் சொல்லுக்கெல்லாம் அகராதியே போட்டாரு 1982-ல, பொறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு வருகைதரு பேராசிரியரா உக்கார வச்சுது. எங்க கொங்குச் சொல்லுக்கும் பெருமாள்முருகன் 2000-ல அகராதி கொண்டு வந்தாரு. இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்லல. புதுசா எழுத வர்றவங்க நாம ஏதோ செய்யக் கூடாததைச் செய்யறோம்னு நினைச்சு கூச்சப்படறாங்க, இல்லைங்க, உங்களுக்கு முன்னாடி ஆள் போயிருக்காங்க, பாதை போட்டாச்சு, தைரியமா நடக்கலாம்.

சரி, இலக்கணம். இதைப் பத்தி கொஞ்சம் நிதானமாவே சொல்லணும், ஏன்னா நிறைய பேரோட பயம் கடைசியில இங்க வந்துதான் நிக்குது. க், ச், த், ப் எங்க போடறது எங்க விடறது. இதுக்கு நன்னூல் பூரா மனப்பாடம் பண்ண வேண்டாம். அந்த, இந்த, எந்தக்கு அப்பறம் போடுங்க, அந்தப் பையன், இந்தக் கடை. ஐ வந்தா போடுங்க, அவனைப் பார்த்தேன். கு வந்தா போடுங்க, வீட்டுக்குப் போனேன். வரச் சொன்னான், ஓடிப் போனான், படித்துப் பார்த்தான் மாதிரி வர்ற எடத்துல போடுங்க. அப்பறம் போடக் கூடாத எடம், வந்த பையன், பார்த்த படம், இங்க வேண்டாம். செய்து கொடுத்தான், இங்கயும் வேண்டாம். இவ்வளவு பழகுனாலே உங்க பக்கத்துல இருக்கற ஒற்றுப்பிழையில பெரும்பகுதி போயிரும், மீதிக்கு ப்ரூஃப் பாக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்தா போதும், பேரு வாங்குன எழுத்தாளர்களுக்கும் ப்ரூஃப் பாக்க ஆள் இருக்காங்க. இது துணியை நெய்து எறக்குன பொறகு பிசிறு வெட்டற வேலை மாதிரி, கடைசியில செய்ய வேண்டியது. தறியில நூலே ஏத்தாம கத்திரிக்கோலைத் தூக்கிட்டு நிக்கறதாலதான் பயமா இருக்கு. முதல் தடவை எழுதறப்ப ஒற்றைப் பத்தி நினைக்கவே நினைக்காதீங்க. இலக்கணம் வேண்டாம்னு நான் சொல்லல, ரொம்ப வேணும், கத்துக்கிட்டா அது ஒரு சந்தோஷம் கூட, ஒரு வாரம் ஒரு விதின்னு எடுத்துப் பழகுனா அதுவே தெம்பு குடுக்கும்.

எழுதுனதை யார்கிட்ட காட்டறது, எப்படிக் கேக்கறதுங்கறதுலயும் விஷயம் இருக்கு. "எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா உங்க மேல பிரியம் இருக்கறவங்க சூப்பர்னு சொல்லுவாங்க, இல்லாதவங்க பரவால்லன்னு சொல்லுவாங்க, ரெண்டுலயும் உங்களுக்குக் கெடைக்கறது ஒண்ணும் இல்ல. எந்த எடத்துல போர் அடிச்சுது, எங்க புரியாம மறுபடி மேல போயி படிச்சீங்க, படிச்சு முடிச்சு ஒரு நாள் கழிச்சு எது ஞாபகம் இருக்கு, இதைக் கேளுங்க. இதுக்கு இலக்கியம் தெரிஞ்ச ஆளே வேண்டாம், கதை கேக்கப் பிடிச்ச ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு அண்ணனோ போதும். அவங்க எடத்தைச் சுட்டிக் காட்டுனா அந்த எடத்தைத் திருத்தலாம், திருத்துனதை மறுபடி படிச்சுக் காட்டுனா இப்ப சரியா இருக்குன்னு சொல்லுவாங்க, அந்த ஒரு சுத்து முடியறப்ப வர்ற நம்பிக்கை இருக்கே, நூறு பேரு ஆகா ஓகோன்னு சொன்னாலும் வராது. ஏன்னா ஒரு குறை இருந்துச்சு, அதை நானே கண்டு சரி பண்ணுனேன்னு நமக்குத் தெரியும். பாராட்டு மறந்துரும், இது மறக்காது.

சத்தமாப் படிச்சுப் பாக்கறதையும் விட்றாதீங்க. நம்ம மொழியில வாக்கியம் வினையிலதான போயி முடியும், அதனால நடுவுல சொருகிக்கிட்டே போனா படிக்கறவங்க மூச்சு வாங்கிருவாங்க, கண்ணுல பாத்தா தெரியாது, வாயில படிச்சா நாக்கு தடுக்கற எடத்துல தெரிஞ்சுரும். கையில எழுத நேரம் இல்லன்னா ஃபோன் கீபோர்டுல மைக்கை அமுக்கிப் பேசுங்க, தமிழ்ல எழுத்தா விழும், தப்பும் தவறுமாத்தான் விழும், பரவால்ல, வெறும் பக்கத்தைப் பாத்து உக்காந்துருக்கறதுக்கு பதிலா திருத்தறதுக்கு கையில ஏதோ ஒண்ணு இருக்கும்ல.

பத்திரிகைக்கு அனுப்பிட்டு பதில் வராம வாடிப் போறவங்களுக்கு ஒண்ணு. முன்ன தபால்ல அனுப்பறப்ப, கதை வேண்டாம்னா திருப்பி அனுப்ப ஸ்டாம்ப் ஒட்டுன கவரும் சேத்து வைக்கணும், திரும்பி வந்தா அந்தக் கவர் வாசல்ல வந்து விழும், வலிச்சாலும் ஒரு முடிவு தெரிஞ்சுது. இப்ப மெயில் அனுப்பறோம், பாதி எடத்துல இருந்து ஒண்ணுமே வராது. அந்த மௌனத்தை எடுத்து உங்க கதைக்கு வந்த தீர்ப்புன்னு மனசுக்குள்ள எழுதிக்காதீங்க. அங்க ஒருத்தரோ ரெண்டு பேரோதான் எல்லாத்தையும் படிக்கறாங்க, அவங்களும் சம்பளத்துக்கு வேற எங்கயோ வேலை பாக்கறவங்களா இருக்கலாம். எதை எப்ப எங்க அனுப்புனோம்னு நோட்டுல ஒரு வரி குறிச்சு வச்சுட்டு, ரெண்டு மூணு மாசம் பாத்துட்டு வேற எடத்துக்கு அனுப்புங்க.

எத்தனை பேரு படிக்கறாங்கங்கற எண்ணிக்கையும் அப்படித்தான். சி.சு.செல்லப்பா 1959-ல எழுத்து பத்திரிகையை ஆரம்பிச்சப்ப அதுக்குப் பெரிய கூட்டம் ஒண்ணும் இல்ல, சில நூறு சந்தாதான், 1970 வரைக்கும் கஷ்டப்பட்டு நடத்துனாரு, புத்தகத்தைத் தோள்ல சுமந்துக்கிட்டு கல்லூரி கல்லூரியாப் போனாரு. ஆனா தமிழ்ல புதுக்கவிதை காலூன்றுனது அந்தச் சின்ன எடத்துலதான், 1962-ல வந்த புதுக்குரல்கள் தொகுப்பும் அங்க இருந்து வந்ததுதான். அவ்வளவு சின்ன வாசகர் கூட்டத்தை நம்பி ஆயுசைக் குடுத்தவரு இருக்கற மொழியில, நமக்கு பத்து பேரு படிச்சாங்கன்னா அந்த பத்து பேரையும் மதிக்கணும்னு எனக்குத் தோணும். பத்து பேரு உக்காந்து நம்ம வார்த்தையில பத்து நிமிஷம் இருந்தாங்கன்னா அது லேசுப்பட்ட விஷயம் இல்லைங்க.

ரெண்டாவது கதையைப் பத்தி யாரும் பேசறதில்ல, முதல் கதையை விட அதுதான் கஷ்டம். முதல்ல எழுதுனது நல்லா வந்து நாலு பேரு பாராட்டிட்டாங்கன்னா, அடுத்தது அதே மாதிரி வருமான்னு வேற ஒரு பயம் புடிச்சுக்கும். அந்த அக்காவுக்கும் வந்துச்சு. கரண்ட் போன கதையை நாங்க எல்லாரும் கொண்டாடுனோம், அதுக்கப்பறம் ரெண்டு கூட்டம் வெறுங்கையோடதான் வந்தாங்க. கேட்டா, "அதை மாதிரி இன்னொண்ணு எங்கிட்ட இல்ல கண்ணு"ன்னாங்க. அதை மாதிரி ஏன் வேணும்? பாவு, அதாவது தறியில நெடுக்க ஓடற நூல், அதைப் பிணைக்க வர்ற பெரியவர் ஒருத்தரைப் பத்தி முன்ன பேச்சுவாக்குல சொன்னீங்களே, பழைய பாவு தீர்ற எடத்துல புதுப் பாவு நூலை ஒவ்வொண்ணா எடுத்து முறுக்கி முறுக்கி சேப்பாரு, ஆயிரக்கணக்கான இழை, அத்தனையும் செய்யற வரைக்கும் ஊர்க் கதை பூரா பேசுவாரு, ஆனா ஒரு இழையும் மாறாதுன்னு. அவர் என்ன பேசுவாருன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க, அப்பறம் மருந்துக்கடைத் தம்பியைப் பாத்து, "அதைப் போட்டு விடு சாமி"ன்னாங்க, ஃபோனைத்தான். பாதி சொல்லிருக்காங்க. அந்தப் பெரியவரு மக கல்யாணத்துக்குக் கடன் கேக்கப் போன எடத்துல நிக்குது கதை, மீதியை வர்ற கூட்டத்துல சொல்றேன்னுருக்காங்க, இந்த தடவை நோட்டுல அவங்களே எழுதிட்டு வர்றதாவும் சொல்லிருக்காங்க.